ஏரியில் திறந்த குழாய்

எங்கள் ஊர் தோணிரேவுக்கு அருகே ஏரிச் சேற்றில் புதைந்துவிட்ட, சுற்றிப்பார்க்க வந்த ஒருவருடைய வண்டியை இழுக்கத்தான் என் டிராக்டரைக் கூப்பிட்டார்கள். ஜீப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த அந்தக் கூண்டு வண்டி ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருந்தன. அவர் வெள்ளைச் சட்டையும் மழமழவென்ற முகமுமாக நின்றார். எதைத் தொட்டாலும் உடனே வாசனைக் காகிதத்தால் கையைத் துடைத்து, அதைக் கரையிலேயே போட்டார்.

“இந்தச் சேத்துக்கு லேசா, சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே சார்?” என்றேன்.

“வெளி கக்கூஸுக்கெல்லாம் நான் போக மாட்டேன். அதுக்காகவே இதைத் தேடி வாங்கினேன்.”

சங்கிலி மாட்டி இழுத்தேன், அசையவில்லை. பாரத்தைக் குறைக்கச் சொன்னேன். சாமான்களை இறக்குவார் என்று நினைத்தால், குனிந்து கக்கூஸ் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். கழிவு கறுப்பாக ஏரியில் இறங்கியது. கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் என் அண்ணியும் சில பெண்களும் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சார் பண்றீங்க? பொம்பளைங்க தண்ணில நிக்கிறது தெரியல?” என்று கத்தினேன்.

“ஏரி இவ்வளவு பெருசு, கரைஞ்சிடும்,” என்றார்.

அண்ணி பிடித்த இறாலையெல்லாம் கொட்டிவிட்டுக் கரையேறினார்.  குழாயை நானே திருகி மூடினேன். அப்படியே விட்டுப் போனால் மிச்சமும் ஏரிக்குள்தான் போகும் என்று வண்டியை இழுத்து வெளியே விட்டேன்.

ஜீப்பில் ஏறும்போது அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “உங்க ஊர் எப்பவுமே இப்படித்தான் நாறுமா?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.