பாதம் மூச்சுவிட்ட அரை மணி நேரம்

என் மனைவி சரோஜாவின் இடது கட்டைவிரல் ஓரத்தில், செருப்பு உரசிய சிறு புண்ணாகத்தான் அது வந்தது. சர்க்கரை நோயால் அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. பாயில் ஈரம் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் நான் ஃபிட்டர். என் வீட்டில் கட்டுத் துணிக்கா பஞ்சம்? தினமும் நானே புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, விரலிலிருந்து முழங்கால் வரை சுற்றினேன். நழுவக் கூடாதென்று இறுக்கிச் சுற்றினேன். பார்க்க வந்தவர்கள் நர்ஸ் கட்டியதா என்று கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

விரல் கறுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் பார்த்த கையோடு மதுரைக்கு அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார் அங்கிருந்த அறுவை மருத்துவர். 

"முதல்ல திசு ஆக்சிஜனைப் பார்த்துருவோம்" என்றார் (சதைக்குப் பிராணவாயு எவ்வளவு போய்ச் சேருகிறது என்னும் அளவு). பாதத்துக் கட்டை மட்டும் பிரித்து, சட்டைப் பொத்தான் போன்ற சூடான வில்லை ஒன்றை மேல்தோலில் ஒட்டினார்கள். பக்கத்துப் பெட்டியில் எண் விழுந்தது. மிகவும் குறைவு.

"ஸ்கேன்ல இது தெரியாதா சார்?" என்றேன்.

"காந்த ஸ்கேன் உருவத்தைக் காட்டும். வெளிநாட்டுல இப்ப ஒரு ஆராய்ச்சி நடக்குது. ஃப்ரீ ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள பொருள்) ஒண்ணை எலிக்கு ஊசியில ஏத்தி, காந்தத்துக்குள்ள வச்சுப் படம் எடுக்குறாங்க. ஆக்சிஜன் பக்கத்துல வந்தா அதோட சிக்னல் மாறும். எந்த இடத்துல எவ்வளவுன்னு படத்துலயே அளந்துரலாம். மனுசங்களுக்கு இன்னும் வரல."

எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு சுண்டெலியின் சதைக்குள் காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று வெளியிலிருந்தே பார்க்கிறார்கள்! சரோஜாவின் காலும் மூச்சுவிடுகிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

பேசிக்கொண்டே டாக்டர் கெண்டைக்கால் கட்டுக்குள் விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"யாரு கட்டுனது?"

"நான்தான் சார்."

கத்தரியால் வெட்டிப் பிரித்தார்கள். என் ஆலைத் துணியின் நெசவு, இழை இழையாக அவள் தோலில் பதிந்திருந்தது. கூனிக் குறுகிப்போனேன்.

"அவிய என்ன, வேணும்னேவா இறுக்குனாவ? எனக்காகத்தான சார்" என்றாள் சரோஜா.

பெட்டியில் எண் அசைந்தது. ஒன்று கூடியது. நின்றது. மறுபடி கூடியது. அரை மணி நேரம் நான் கண்ணை எடுக்கவில்லை. அய்யனார் கோவில் அருவியைக்கூட அப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

"காலை வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

கட்டைவிரல் போயிற்று. கால் நின்றது. புண் ஆற ஏழு மாதம் பிடித்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு புண் இருந்தால், கட்டு எவ்வளவு இறுக்கம் என்று டாக்டரைக் கேளுங்கள். சில புண்களுக்கு இறுக்கம் வேண்டும், சிலவற்றுக்கு ஆகாது. அதை அன்பு முடிவுசெய்யக் கூடாது.

இப்போதும் காலையில் அவளுடைய இடது காலின் இரண்டாவது விரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறேன். வெளுக்கிறது. அழுத்தத்தை விட்டதும் சிவப்பு திரும்புகிறது. கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் எனக்கு அந்த அரை மணி முழுவதும் போய்வந்துவிடுகிறது.

"எம்புட்டு நேரம் பார்ப்பிய? டாக்டரைப் பார்க்கப் போகணும்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு போயிரும்" என்கிறாள்.

"செத்த நேரம் இரு" என்கிறேன். சிவந்த பிறகுதான் பாதத்தைக் கீழே விடுகிறேன்.