எட்டிப் பார்க்க முடியாத பாத்ரூம்

மும்பைக்கு வெளியே, பத்லாப்பூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கட்டிடம் இருக்கிறது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. அந்த நாலு வீட்டு பாத்ரூம் ஜன்னல்களையும் பலகை வைத்து அடைக்கச் சொன்னவள் நான்தான். கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த நர்ஸ் பெண், இருபத்து மூன்று வயது, குளிக்கப் போனவள் அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனாள். இதை நடுவில் எங்கேயாவது ஒளித்து வைத்து வாசிக்கிறவர்களைத் திடுக்கிட வைக்கிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தாராவிக்காரர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் பிறந்தது, முனிசிபல் பள்ளியில் தமிழ் படித்தது, கல்யாணமாகி நாலு சந்து தள்ளிப் போனது எல்லாம் இங்கேதான். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். கண் மங்கியதும் அதை விற்றுவிட்டு, வந்த பணத்தில் அந்த இடத்தை வாங்கிக் கட்டினார். வயதான காலத்தில் வாடகை வரும், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைப்பு. கட்டி முடித்து எட்டு மாதம் ஒரு ஈ காக்கை வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெல் வயல். நடுவில் எங்கள் கட்டிடம், திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அந்த ஊர் புரோக்கர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டான். பில்டிங் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் காட்டுக்கு ஆள் வர வேண்டுமென்றால் கூட ஏதாவது கொடுக்க வேண்டும் என்றான்.

லிஃப்ட், ஜிம் என்று கொடுக்க நாங்கள் என்ன பெரிய பில்டர்களா? கையைக் கடிக்காமல் என்ன செய்யலாம் என்று சாயந்திர டீயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் யோசித்தோம். யோசனை எல்லாம் தாராவி யோசனை. நாங்கள் எது எது இல்லாமல் சீரழிந்தோமோ அதையெல்லாம் அங்கே வைத்தோம். முதலில் தண்ணீர். மாடியில் யானை மாதிரி இரண்டு டேங்க் ஏற்றினார். இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் என்று அவர் மார்தட்டிச் சொன்னபோது அந்த ஊர்க்காரர்கள் முழித்தார்கள். அங்கே ஆளுக்கொரு போர்வெல் இருக்கிறது. தண்ணீருக்காக அடித்துக்கொள்கிற ஜனம் எங்கேயோ இருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதுசு.

மற்ற விஷயங்கள் வேலை செய்தன. ரோட்டிலிருந்து வாசல் வரை ஆறு பல்பு போட்டோம். குர்லாவில் பழைய வாஷிங் மெஷின் ஒன்று வாங்கி மாடிப்படிக்கு அடியில் பொதுவாக வைத்தோம். மழைக்காலத்தில் துணி காய மொட்டை மாடியில் தகரக் கூரை. காலையிலும் சாயந்திரமும் வாசலுக்கே வந்து ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போக ஒரு ஷேர் ஆட்டோக்காரரைப் பேசி வைத்தோம். அந்த ஆட்டோதான் முதல் ஆளைக் கொண்டுவந்தது. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி புதிதாக வந்திருந்தது. நர்ஸ் பெண்கள் ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கே விடலாம், வீட்டை வீடாக வைத்திருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது வெந்நீர். அங்கே குளிர்காலத்தில் காலைத் தண்ணீர் கையை வெட்டும். கரண்ட் வேறு நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அதனால் மாட்டுங்காவில் விசாரித்து, சிலிண்டர் கேஸில் தீ எரிந்து தண்ணீரைச் சுடவைக்கிற கேஸ் கீஸர் நாலு வாங்கி பாத்ரூமுக்கு ஒன்றாக மாட்டினோம். மாட்ட வந்தவன் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, ஜன்னலை மட்டும் எப்போதும் திறந்தே வையுங்கள் என்று இந்தியில் சொன்னான். நான் தலையாட்டினேன். வேலைக்காரர்கள் போகும்போது நூறு சொல்லுவார்கள், அதில் ஒன்று என்று விட்டேன்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமாதானத்துக்கு அல்ல. நான் வளர்ந்த வீட்டில் பாத்ரூம் கிடையாது. அறையின் மூலையில் மோரி, அதாவது முழங்கால் உயரச் சுவர் வைத்த கழுவுகிற இடம். பாத்திரம், துணி, குளியல் எல்லாம் அதில்தான். அம்மாவும் நானும் குளிக்கும்போது ஆண்கள் வெளியே போய் நிற்பார்கள், குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொள்வோம். எனக்குப் பதினாலு வயதில் ஒரு நாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். தகரச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு கண் இருந்தது. யார் கண் என்று இன்றைக்கு வரை தெரியாது. அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டுதான் குளித்தேன். சந்தில் எந்த ஆம்பிளை என்னைப் பார்த்துச் சிரித்தாலும் இவன்தானோ என்று அவன் கண்ணைத்தான் பார்ப்பேன்.

கீஸர் மாட்டிய பிறகு புதுக் கட்டிடத்தில் நான் முதல் முறை குளித்தபோது, கண்ணாடிப் பட்டைகள் சொருகிய அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தேன். பின்பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. சைக்கிள் கேரியர் மேல் ஒருவன் ஏறி நின்றால் போதும். அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு நாலு ஜன்னலையும் பலகை வைத்து, ஒரு கீறல் வெளிச்சம் விழாமல் அடைக்கச் சொன்னேன். கதவுக்கு உள்ளே இரண்டு தாழ்ப்பாள். என் வீட்டுக்காரர், பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும் என்று மெச்சினார். தெரு வாட்ஸப் குரூப்பில் வீடு வாடகைக்கு என்று போட்டபோது கடைசி வரியாக, வெளியே இருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாத பாத்ரூம் என்று நானே சொல்லி இந்தியில் எழுத வைத்தேன். அதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. படித்துவிட்டு வந்தவளும் உண்டு.

அந்த நர்ஸ் பெண்ணின் வீடு தாராவிப் பக்கம் சுனாபட்டியில். தமிழ்ப் பிள்ளை. அம்மா ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையல் வேலை, அப்பா இல்லை. தினமும் ரயிலில் போய் வர முடியாமல், கூட வேலை பார்க்கிற இன்னொரு பெண்ணோடு கீழ் வீட்டுக்கு வந்தாள். தமிழ் எழுதப் படிக்க வராது, பேச்சு மட்டும் எங்கள் பக்கத்துப் பேச்சு. ரசத்தில் புளி கூடிப்போனால் என்ன செய்வது, வராண்டாவில் தவளை உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். ஒரு தடவை சொன்னாள்:

"ஆன்ட்டி, எங்க வீட்டு மோரில அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா அம்மா கத்துவா. இங்க அரை மணி நேரம் குளிக்கேன். ஏன்னு கேக்க ஆளில்ல."

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெண்ணாவது பயமில்லாமல் குளிக்கிறாளே என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் மறுபடி போன் வந்தது.

"ஆன்ட்டி, குளிச்சிட்டு வந்தா தல கிர்ருனு சுத்துது. வாந்தி வாற மாதிரி இருக்கு. உள்ள ஆவி போகவே மாட்டேங்கு. அந்தப் பலகைய கொஞ்சம் கழட்டிரவா?"

"ஈரத் தலையோட ஃபேனுக்கு அடியில போய் நின்னா சுத்தத்தாம் செய்யும்," என்றேன். "நல்லா தொவட்டு. வெறும் வயித்துல குளிக்காத. பலகையில கைய வைக்காத, பொறத்தால சூளைக்காரனுவ நடமாட்டம் இருக்கு."

"சரி ஆன்ட்டி."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு நான் அடுப்பில் வைத்திருந்த பாலைப் பார்க்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்து, நைட் டூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்த அறைத்தோழி, பாத்ரூமுக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். தட்டியிருக்கிறாள். ஆட்டோக்காரரும் மேல் வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். இரண்டு தாழ்ப்பாள் என்பதால் உடைக்க நேரமாயிற்று. கீஸர் அப்போதும் எரிந்துகொண்டிருந்ததாம். அடைத்த அறைக்குள் அந்தத் தீ எரிய எரிய விஷக் காற்று சேரும், அதற்கு வாசனையே கிடையாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நர்ஸாக இருந்தும் அவளுக்குத் தெரியவில்லையே என்று என்னைத் தேற்றுகிறவர்கள் சொல்லுகிறார்கள். அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. பலகையைக் கழற்றட்டுமா என்று கேட்டாளே.

நாங்கள் தாராவியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோக்காரரிடம் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாலு வீட்டுப் பலகைகளையும் கழற்றினார்.

"என்ன செய்யுதீங்க?" என்றேன்.

"இது இங்க இருந்தா ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்லதான் உக்காரணும். வாய மூடிட்டு நில்லு."

நின்றேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பலகைகளைக் கட்டிடத்துக்குப் பின்னால் மழைக்கு அடுக்கியிருந்த விறகோடு போட்டார். போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது, காற்று வந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பெண்கள் ஒரு மணி நேரம் குளித்தால் இப்படித்தான் ஆகும் என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே எழுதினார். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அறைத்தோழிக்குப் பலகை இருந்தது தெரியும். அவளையும் யாரும் கேட்கவில்லை.

செத்துப்போனவளின் அம்மாவுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சயான் சுடுகாட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே அக்கா, குளிக்கப் போனா வெளிய வரமாட்டாளே, அவளே தேடிக்கிட்டாளே" என்று அரற்றினாள். செத்த மகளைத் திட்டிக்கொண்டே அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

கீஸர்களைக் கழற்றிவிட்டோம். மற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்தார்கள். என்னால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை, ஊற்றினால் மூச்சு முட்டுகிறது. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் தினமும் சண்டை போட்டேன்.

"நீ சொன்னா அந்தப் பிள்ள எந்திச்சு வந்துருமா?" என்பார். "உனக்கு மனசு ஆறணும்னு அந்தப் பொம்பளய ஏன் குத்தப் போற?"

குற்றம் செய்தவர் பயத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். மகள் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒரு தாய் அழுகிறாள், அதையாவது அவள் மேலிருந்து எடுக்க வேண்டாமா? பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள், அவரிடம் சொல்லாமல் கிளம்பினேன். சுனாபட்டி தூரமில்லை. நடந்தே போனேன்.

அவள் தனியாக இருந்தாள். மகள் படத்துக்குப் போட்ட மாலை காய ஆரம்பித்திருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பலகை வைத்து அடைத்தது, கீஸர் மாட்ட வந்தவன் எச்சரித்தது, என் வீட்டுக்காரர் கழற்றி எறிந்தது. தலை சுற்றுகிறது என்று உங்கள் மகள் போன் பண்ணினாள், அதுதான் விஷக் காற்றுக்கு அடையாளமாம், நான் ஈரத் தலையைத் துவட்டு என்று சொல்லிப் பலகையைக் கழற்ற விடவில்லை என்றேன். அவளை அரை மணி நேரம் குளித்த குற்றம் சொல்லாதீர்கள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். போலீசுக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் என் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"என்னைக்குப் போன் பண்ணா?"

"பொங்கல் கழிஞ்சு மூணாம் நாள்."

"எனக்கும் அன்னைக்குத்தான் பண்ணா," என்றாள். "உங்ககிட்ட பேசினதுக்குப் பெறவா இருக்கும். தல சுத்துதும்மா, குமட்டுதும்மா, லீவு போட்டுட்டு ரெண்டு நாள் வீட்டுக்கு வரட்டான்னு கேட்டா. நானும் ஈரத் தலையோட நிக்காதடீன்னுதான் சொன்னேன். இதுக்கெல்லாம் லீவு போடுவியான்னு வஞ்சேன்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் வரவிடாததுனாலதானா அக்கா?"

அதுவரை அவளிடம் இருந்தது மகள் போன துக்கம் மட்டும். கேட்டபோது அவள் முகத்தில் வந்ததை நான் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இல்லம்மா," என்றேன். அவள் நம்பவில்லை.