இருபத்து நான்கில் ஒரு போல்ட்

என் மேசை இழுப்பறையில் ஒரு நெயில் பாலிஷ் குப்பி கிடக்கிறது. கட்டைவிரல் உயரம், வெள்ளை மூடி, உள்ளே பழுத்த மிளகாயின் சிவப்பு. மூடியின் விளிம்பில் துடைத்தும் போகாத கிரீஸ் கறை. பேனா தேடி இழுப்பறையைத் திறக்கிறவர்கள் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஐம்பத்து மூன்று வயது, நரைத்த தாடி, சுவரில் இன்சூரன்ஸ் காலண்டர். இந்த ஆளுக்கு இது எதற்கு என்ற கேள்வி கண்ணில் ஓடும். வாயால் கேட்கிறவர்கள் குறைவு. அது எங்கள் காண்ட்ராக்டரம்மாவின் கருவிப் பையில், ஸ்பானருக்கும் டெஸ்டருக்கும் நடுவே பல ஆண்டுகள் உருண்டு வந்த குப்பி. அவர் நகங்கள் அந்தச் சிவப்பைக் கண்டதே இல்லை.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே கிணற்றுப் பாசனத் தோட்டமுள்ள குடும்பம் அவருடையது. அண்ணன்மார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வாங்கிக்கொண்டு வடக்கே போக, இவர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்து, உரிமம் எடுத்து, தன் பெயரிலேயே காண்ட்ராக்ட் தொழில் தொடங்கினார். நாமக்கல் கோழிப்பண்ணைகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், நூற்பாலைகள் என்று இருபத்திரண்டு ஆட்களோடு வெயிலில் அலைந்தார். பேனல் பெட்டிக்குள் கேபிள் வந்து சேரும் ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்கள் முறுக்குவார்கள். பிறகு இவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஸ்பானர் வைத்து அசைத்துப் பார்த்து, குப்பியைத் திறந்து, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். போல்ட் பின்னால் நெகிழ்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் கதவைச் சாத்தும் முன் கைபேசியில் ஒரு படம். "ஏனுங்கம்மா, பேனலுக்குக் கல்யாணமுங்களா, நகப்பூச்செல்லாம் பூசறீங்க?" என்று ஒரு பண்ணைக்காரர் கேலி செய்தபோது, "ஆமாங்க, மாப்பிள்ளை கரண்டு. கொஞ்சம் கோவக்காரரு, பொண்ணைக் கெட்டியாத்தான் புடிச்சுக் குடுக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டை இழுத்தார். கோடு இம்மிகூட வளையவில்லை. அந்தக் கையைப் பார்ப்பதற்கென்றே நான் சில நாள் அவர் வேலை செய்யும் இடங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு வரியை ஒரே மூச்சில் எழுதி முடிக்கத் தெரியாதவனுக்கு வரும் பொறாமையோடு நின்றிருக்கிறேன்.

சங்ககிரிப் பக்கத்து நூற்பாலை ஒன்று அவருக்குப் பெரிய வேலை கொடுத்தது. வெளிநாட்டுக்கு நூல் அனுப்பும் ஆலை. புதிய பகுதிக்கு மொத்த வயரிங். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவரிடம் ஏற்கெனவே இருந்த பொறுப்புக் காப்பீடு போதாது. அதற்கு மேல் இன்னொரு காப்பீடு வேண்டும். அவர் வேலையால் பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், வேலையை ஒப்படைத்த பிறகு வந்தாலும், முதல் பாலிசி ஓர் எல்லை வரை கொடுக்கும். எல்லை தாண்டினால் மேல் பாலிசி தொடங்கும். தொழிலில் அதைக் குடை பாலிசி என்றும் சொல்வோம். அவருடைய இன்சூரன்ஸ் ஏஜெண்டான நான் தாளும் பேனாவுமாக விளக்க ஆரம்பித்தேன். அவர் பேனாவை வாங்கி இரண்டு கட்டங்கள் வரைந்தார். "கீழ பிரேக்கரு. அதுனால தாங்க முடியாதுன்னா மேல பிரேக்கரு. இவ்வளவுதானுங்களே பாய்? இதுக்கு எதுக்குங்க இத்தனை காயிதம்?" என்றார்.

இத்தனை காகிதம் எதற்கு என்பதை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லைகளைச் சொன்னேன், விலக்குகளைச் சொன்னேன், புதுப்பிக்கும் நாளைச் சொன்னேன். நிபந்தனைப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் காப்பீடு பெற்றவர் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. இதைப் போய் யார் செய்யப் போகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பத்தொன்பது வருடம் தொழில் செய்தவனின் மெத்தனம். மாட்டிக்கொண்டவன் மறுப்பான் என்பதுதான் நான் கண்ட உலகம்.

ஆலையை ஒப்படைத்த எட்டாவது மாதம், பங்குனி வெயில் உச்சியில் நின்ற ஒரு பகலில், அந்தப் பகுதியின் பேனலில் தீப்பிடித்தது. பஞ்சுக்குத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். அரை மணி நேரத்தில் குடோன் போயிற்று, இரண்டு இயந்திரங்கள் போயின. சுவிட்சை இறக்க ஓடிய, ஆலை இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டருக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. நான் போய்ச் சேர்ந்தபோது நெடுஞ்சாலை லாரிகள் வேகம் குறைத்துப் புகையைப் பார்த்துக்கொண்டு போயின. காண்ட்ராக்டரம்மா புளியமரத்தடியில் தனியாக நின்று, கைபேசித் திரையை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏனுங்க பாய், போயிட்டு வந்துட்டனுங்க."

"எங்கக்கா?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு, அந்தப் பிட்டரைப் பாக்க. அப்புறம் மில்லுக்காரரு ஊட்டுக்கு. பழம் வாங்கிட்டுப் போனேன். 'என்ற வேலைல தப்பு நடந்துபோச்சுங்க, ஆகறதை நான் பாத்துக்கறனுங்க'ன்னு சொல்லிப்போட்டு வந்தேன். சொல்லி முடிக்கற வரைக்கும் அவிங்க ஊட்டுத் தண்ணிகூடக் குடிக்கலீங்க."

அவர்கள் பக்கத்தில் அது மரியாதை. கெட்ட சேதியோடு போனவர், சேதியைச் சொல்லாமல் அந்த வீட்டுச் செம்பைத் தொடமாட்டார். தப்பு தன் பக்கம் என்றால் அடுத்த வெயில் ஏறும் முன் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஆள் அனுப்பினால் அது இரண்டாவது தப்பு. எனக்கு இதெல்லாம் தெரியும். சேலம் கடைவீதியில் பிறந்தவன் என்றாலும் முப்பது வருடமாக இந்த ஊர்களின் தண்ணீரைக் குடிக்கிறேன். தெரிந்திருந்தும் அந்தப் பொடி எழுத்து வரியைப் புரட்டினேன். இந்த மண்ணில் ஒரு கவுண்டச்சி கட்டாயம் மீறப்போகிற ஒரே நிபந்தனை அதுதான்.

அந்த வரியைச் சொன்னேன். மேல் பாலிசி கைவிரித்தால் தோட்டம், வீடு, தொழில் மூன்றும் போகும் என்றும் சொன்னேன். எப்படித் தெரியும் தப்பு உங்களுடையது என்று கேட்டேன். படத்தில் பார்த்தாராம். இருபத்து நான்கு போல்ட், இருபத்து மூன்று கோடு. பிறகு நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, கேட்டா ஆறுதல் சொல்லத்தான் போனேன்னு சொல்லிருங்க. அந்தப் படத்த அழிச்சிருங்க."

மறுமுனையில் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

"பாய், நீங்க காலைல தொழுதுட்டுத்தானுங்களே ஆபீஸைத் தொறக்கறீங்க?"

"ஆமாக்கா."

"அப்பறம் எதுக்குங்க இந்தப் பேச்சு?"

அந்த வரியை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "சொல்லியிருந்தா மட்டும் போயிருக்கமாட்டேன்னா நெனைக்கறீங்க? போயிருப்பனுங்க. ஆனா உங்களுக்கு ஒரு போனைப் போட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நட்டு இல்லாத இடத்தைக் காட்டி, இங்கே ஒன்று போடவேண்டும் என்று ஆட்களிடம் சொல்வாரே, அந்தக் குரல். நான் அன்றே இரண்டு பாலிசிகளின் நிறுவனங்களுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். நிபந்தனையை நான் விளக்கவில்லை என்பதையும் எழுதினேன். என் ஏஜென்சி போனாலும் போகட்டும் என்று கையெழுத்திட்டேன்.

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் சேலத்திலிருந்து வந்தார். முன்பு ஆலைப் பொறியாளராக இருந்தவர். பேச்சில் வார்த்தைகளை அளந்து போடுகிறவர். கருகிய பேனல் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். காண்ட்ராக்டரம்மா கேட்காமலே கைபேசியை நீட்டினார். "இந்த ஒண்ணுக்கு ஏன் கோடு இல்ல?" என்றார் சர்வேயர்.

கூட நின்ற ஆட்களில் ஒருவர் முன்னால் வந்தார். "அந்த போல்ட்டை முறுக்குனது நானுங்க சார்."

"நீ சும்மா இரு சாமி. முறுக்கறது உன்ற வேலை, பாத்துக் கோடு போடறது என்ற வேலை. அந்த நேரத்துல ஒரு போன் வந்துச்சுங்க சார். பேசிட்டு வந்து, எல்லாம் போட்டாச்சுன்னு நெனைச்சுக் கதவைச் சாத்திட்டனுங்க."

"யார் போன்?"

"அது எதுக்குங்க? எடுத்தது நானு."

சாம்பல் வாடைக்கு நடுவே எனக்கு அந்த மதியம் நினைவு வந்தது. மேல் பாலிசி கைக்கு வந்த நாள். ஒப்படைக்கும்போது ஆலையில் காட்டவேண்டுமே என்று ஆவலாக அழைத்திருந்தேன். எடுத்ததும், "ஒரு போல்ட்டு பாக்கி நிக்குதுங்க பாய், சுருக்கா சொல்லுங்க" என்றார். நான் சுருக்கமாகச் சொல்லவில்லை. எல்லைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பேசியதெல்லாம் அழகாகப் பேசினேன் என்ற திருப்திகூட இருந்தது. தீ எரிந்த நாளிலும், நான் படத்தை அழிக்கச் சொன்ன காலையிலும் அவருக்கு இது தெரியும். ஒரு சொல் சொன்னதில்லை.

"அந்த போன் நான் போட்டது சார்" என்றேன். சர்வேயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏஜெண்ட் போன் பண்ணா பணம் கிடையாதுன்னு பாலிசில எங்கயும் போடல" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார்.

முதல் பாலிசிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். மேல் பாலிசி நிறுவனம் பணம் கொடுப்பதா மறுப்பதா என்ற உரிமையைத் தன் கையில் வைத்திருப்பதாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டு மௌனமாயிற்று. ஐந்து மாதம். நான் தினமும் தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ குப்பியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் முடித்த அத்தனை வேலைகளுக்கும் திரும்பப் போனார். வாழப்பாடியிலிருந்து பரமத்தி வரை ஒவ்வொரு பேனலையும் திறந்து கோடுகளை எண்ணினார். "எல்லாம் போகப்போற நேரத்துல இது எதுக்குக்கா?" என்றேன். "போனாப் போவுதுங்க. எங்கயாச்சும் இன்னொன்னு நிக்குதான்னு பாக்கோணுமே" என்றார். ஒரு முட்டைப் பண்ணையில் உடைந்த கோடு ஒன்று அகப்பட்டது. பண்ணைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கண்முன்னே முறுக்கிப் புதுக் கோடு போட்டுவிட்டு வந்தார்.

சர்வேயரின் அறிக்கைதான் பூட்டைத் திறந்தது. அந்த அம்மா ஆஸ்பத்திரியிலும் ஆலைக்காரர் வீட்டிலும் சொன்னதில், படத்தில் இல்லாத ஒன்றும் புதிதாக இல்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் எந்த விசாரணையும் அதே போல்ட்டில்தான் வந்து நின்றிருக்கும். அவர் நேரில் போனதால்தான் ஆலையும் பிட்டரும் வழக்குக்குப் போகாமல் பேச உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மேல் பாலிசி நிறுவனம் எழுத்துச் சம்மதம் கொடுத்தது. மூன்று தரப்பும் ஒரே மேசையில் முடித்துக்கொண்டோம். பிட்டர் புதுத்தோல் படர்ந்த விரல்களால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, அன்னைக்கு நீங்க வந்தப்ப பழத்தை உரிச்சுத் தின்னக் கையில்ல. இப்ப வாங்கிட்டு வாங்க" என்றார். அங்கே சிரிக்காதவர் யாரும் இல்லை. எரிந்த பகுதியின் புது வயரிங்கும் காண்ட்ராக்டரம்மாவுக்கே வந்தது. கோடு போடும்போது பக்கத்தில் நின்று எண்ணுவேன் என்று ஆலைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். எண்ணவும் எண்ணினார்.

அந்த வேலை முடிந்த அன்று அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து பழைய குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "நான் புதுசு வாங்கிட்டனுங்க பாய். இது உங்க வேலைக்கு ஆவும்." டீ வரவழைத்தேன். செம்பில் தண்ணீரும் வைத்தேன். முதலில் தண்ணீரைக் குடித்தார்.

இப்போது அவர் முழங்கால் வலியால் ஏணி ஏறுவதில்லை. பேனல் வேலைக்கு மட்டும் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்து கோடு போடுகிறார். இன்று காலை வாழப்பாடியிலிருந்து ஒரு எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் மேல் பாலிசி எடுக்க என்னிடம் வந்திருந்தார். என் கைபேசியை அணைத்து இழுப்பறைக்குள் போட்டேன், குப்பியை வெளியே எடுத்தேன். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகு வரியின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டேன். பொறுப்பை ஒப்புக்கொள்வது பற்றிய வரி வந்தது. போய்ப் பாருங்கள், தண்ணீர் கொடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கைபேசி அடித்தது. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எடுங்க, பேசிட்டு வாங்க" என்றேன். "நான் இன்னும் கோடு போடல."

அவர் வாசலுக்குப் போனார். தூரிகையில் சேர்ந்திருந்த சொட்டு காய்ந்துவிடாமல் இருக்கக் குப்பியை மூடினேன். பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்து, "எங்கங்க விட்டோம்?" என்றார். நான் பக்கத்தைப் பின்னால் திருப்பி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.