பிரியந்தியின் மலையும் மாமாவின் ராகு காலமும்

பிரியந்தி பிறந்த ஊரில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரித் தட்டை. அங்கே பிறந்து, சின்ன வயதில் மொன்றியலுக்கு வந்து, மலை எப்போது சரியும் என்று படிப்பதற்கே தன் இளமையை ஒருத்தி கொடுத்தாள் என்றால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், யன்னலில்லாத ஓர் அறையில் இருந்துகொண்டு அவள் பார்த்த மலையோ கனடாவின் மறுகரையில் இருந்தது. பசிபிக் கடலோரத்தில் ரோடே போகாத ஒரு வனப் பூங்கா. வானத்திலிருந்து செய்மதி எடுத்து அனுப்பும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

அங்கே ஆர் இருக்கிறார்கள் என்று கோயிலில் கேட்பார்கள். கரடி இருக்கிறது என்பாள் பிரியந்தி. அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க என்ன இருக்கிறது?

அவளையும் தாய் சிவநேசத்தையும் கனடாவுக்கு எடுத்தவர் தாய்மாமன் அருமைராசா. துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் கிரேன் ஓட்டுகிற மனிதர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு, குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. மருமகளை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் ‘எங்கட டொக்டர்’ என்பார். பாவம், கேட்டவர்கள் உடனே காற்சட்டையை மடித்து முழங்காலைக் காட்டுவார்கள். அவளும் விளங்கப்படுத்தி அலுத்துப்போய், காலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள் என்று சொல்லப் பழகியிருந்தாள்.

அவளுடைய மலையின் கதை இதுதான். அங்கே கடல் ஒரு ஒடுங்கிய கழியாக மலைகளுக்கு நடுவே உள்ளே போகிறது. முன்பு அந்தக் கழியை நிறைத்துக் கிடந்த பனிப்பாறை, மலைக்கு முட்டுக்கொடுத்தும் நின்றது. பனி உருகிப் பின்வாங்க, முட்டில்லாத மலையின் ஒரு பக்கம் வெடித்து மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. அது மொத்தமாகத் தண்ணீருக்குள் விழுந்தால் எழும்பும் அலை இரு கரையிலும் உள்ள மரங்களை வழித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் பிரியந்தி பூங்கா அதிகாரிகளுக்கு எழுதினாள். எப்படி எழுதினாள்? விழ நூற்றுக்கு இத்தனை வீதம் வாய்ப்பு, அந்த வீதத்திலும் இவ்வளவு நிச்சயமின்மை என்று எழுதினாள். அவர்கள் நன்றி சொல்லி, இன்னும் ஒரு வருடம் அளந்துவிட்டு வரச் சொன்னார்கள். அவளையும் குறை சொல்ல முடியாது. கறிக்குப் போட்ட உப்புக் காணுமோ என்று தாய் கேட்டாலே, அநேகமாகக் காணும் என்று சொல்கிற பிறவி அது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமாவுக்கு அறுபது வயது வந்தது. நம்மவர்களுக்கு அறுபது வந்தால் ஒரு கேக்கோடு விடுவார்களா? குடும்பம் குடும்பமாக உல்லாசக் கப்பல் ஏறவேண்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படம் போட்ட ரீசேர்ட் சட்டை அடிக்கவேண்டும். மாமா கப்பலை எல்லாருக்கும் முன்னமே பதிந்துவிட்டு, ரீசேர்ட்டைப் போட்டுக் காட்டினார். நெஞ்சில் பிரியந்தியின் மலை. அவளுடைய கைபேசியிலிருந்து களவாக எடுத்த படம். அதன் கீழே ‘எங்கட பிள்ளையின்ர மலை’ என்று தமிழில். மலையின் வெடிப்பு மாமாவின் வண்டி வயிற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கப்பல் பூங்காவுக்கு வெளியே கடலில் நிற்கும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு சின்னப் படகு உள்ளே கூட்டிப்போய், சரியாக அந்தச் சரிவின் அடியில் நிறுத்திக் கோப்பி தரும். பெருமையில் மாமாவின் முகம் பூரித்துப்போய் இருந்தது.

 போகக் கூடாது என்று பிரியந்தி சொல்லிப் பார்த்தாள், வீதங்களை எடுத்து வைத்தாள். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் விழாது என்றும் சொல்லலாம்தானே என்றார். சொல்லலாம் என்றாள் அந்தப் பைத்தியக்காரி. வீடே சிரித்தது. படகுக்காரருக்கு எழுதினாள், தாங்கள் பூங்கா சொல்கிறபடி நடப்பதாகப் பதில் வந்தது. பூங்காவைக் கேட்டால், தாங்கள் ஆய்வு சொல்கிறபடி நடப்பதாகச் சொன்னார்கள். ஆய்வு அவளுடைய யன்னலில்லாத அறையில் கிடந்தது.

கடைசியில் அவளும் கப்பல் ஏறினாள். வன்கூவர் தாண்டியதிலிருந்து மழை விடவில்லை. அந்த வாரத்துச் செய்மதிப் படத்தில் மலை முந்தியதைவிட வேகமாக இறங்கியிருந்தது. பூங்காவுக்கு அவசரமாக எழுதினாள். அதிகாரி விடுமுறையில் இருப்பதாகத் தானாக ஒரு பதில் வந்தது. அவளுக்குப் பயம். தாய், மாமா, மாமாவின் பேரப்பிள்ளைகள், ஒருவர் மிச்சமில்லாமல் முழுக் குடும்பமும் அந்தச் சரிவின் கீழே கோப்பி குடிக்கப் போகிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டு மேசையில் கூடியிருந்தபோது சிவநேசம் வாயைத் திறந்தாள்.

“தம்பி, நாளைக்கு வெள்ளியெல்லே. பத்தரையிலிருந்து பன்னிரண்டு மட்டும் ராகு காலம்.”

படகு எட்டு மணிக்கு, அத்தை, அதற்கு முன்னமே போய்விடுவோம் என்றது ஓர் இளசு. இங்கே எட்டு மணி என்றால் மொன்றியலில் பதினொரு மணி. நாங்கள் கும்பிடுகிற சாமி, பார்க்கிற கலண்டர் எல்லாம் மொன்றியலில்தானே என்றாள் சிவநேசம்.  மலைச்சரிவுக்கு அசையாத சனம் கரண்டியைக் கீழே வைத்தது. எந்த ஊர் நேரம் கணக்கு என்று ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். மாமா கையை உயர்த்தினார், எல்லாரும் அடங்கினார்கள்.

“பிள்ளை, நீ படிச்சனி. நீ சொல்லு. எந்த நேரம்?”

பிரியந்திக்கு நன்றாகத் தெரியும். ராகு காலத்தை நம்புகிறவனுக்கும் அது அவன் நிற்கிற இடத்துச் சூரியனை வைத்துத்தான். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றி எழுதாதவள், தாயைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

“மொன்றியல் நேரம்தான் மாமா. அதில சந்தேகமே இல்லை.”

அவள் வாழ்க்கையில் சந்தேகமே இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். அன்றைக்குத்தான் நம்பவும் பட்டாள். ஒருவரும் போவதில்லை என்று மாமா முடித்துவிட்டார்.

வெள்ளி காலை மற்றப் பயணிகள் படகேறிப் போனார்கள். அவர்களுக்கு எந்த ராகு காலத்தைச் சொல்வது? படகடியில் நின்று ஆளாளுக்கு வீதம் சொல்லிப் பார்த்தாள். சிரித்து, கையசைத்துவிட்டுப் போனார்கள். படகு திரும்பி வரும்வரை மழையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தார்கள், கடல்நாய்ப் படங்களோடும் நல்ல கோப்பி மணத்தோடும். குடும்பம் மேல்தளத்தில் ரீசேர்ட் போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. பின்னால் ஒரே பனிப்புகார். மலை அவர்களுடைய நெஞ்சில்தான் தெரிந்தது. அக்கா, உங்கட மலை விழுந்திட்டுதோ என்று ஊர் திரும்பும்வரை இளசுகள் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

மாசி மாதத்தில் விழுந்தது. படகும் இல்லை, ஆளும் இல்லை. செய்மதிப் படத்தில் கழியின் இரு கரையும் சவரம் செய்ததுபோல் வழிக்கப்பட்டுக் கிடந்தது. படகு நின்று கோப்பி கொடுத்த இடத்தில் பாறை கிடந்தது. பிரியந்தி அறையில் தனியாக இருந்து அழுதாள். பிறகு பஸ்ஸைப் பிடித்து மாமா வீட்டுக்குப் போனாள். மாமா வாசலில் சவளால் பனியை வழித்து அள்ளிக்கொண்டு நின்றார், ஜாக்கெட்டுக்கு மேலே அந்த ரீசேர்ட்.

விழுந்துவிட்டது என்று சொன்னாள். மாமா சவளைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, குனிந்து தன் வயிற்றில் இருந்த மலையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“மாமா, அண்டைக்கு நான் சொன்ன நேரக் கணக்கு...”

“பிழை,” என்றார் மாமா. “ராகு காலம் நிக்கிற இடத்துக்குத்தான். எனக்கு அது தெரியாதோ?”

“பேந்து ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்?”

“நீ சாப்பிடாமத் திரிஞ்சாய். அதைப் பாத்து எனக்கும் பயம் பிடிச்சிட்டுது. ஆனா வீதக் கணக்குச் சொல்லி எங்கட சனத்தை மறிக்கேலுமோ? அக்கா ராகு காலம் எண்டு தொடங்கினா. நீ அதைப் பிடிப்பியோ எண்டு பாத்தனான்.”

பிரியந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். விழுந்த மலைக்குப் பக்கத்து மலையிலும் இப்போது வெடிப்பு ஓடுகிறது, படகு அடுத்த கழிக்கு மாறி, கோடையில் அதன் அடியில்தான் நிற்கப்போகிறது, அதிகாரிகள் வீதம் கேட்டிருக்கிறார்கள், அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மாமா யோசித்தார்.

“அங்க அதிகாரியளுக்குள்ள ராகு காலம் பாக்கிற ஆக்கள் ஒருதரும் இல்லையோ?”

“இல்லை மாமா.”

“பாவம், அந்தப் படகில போற சனம்,” என்றுவிட்டு மாமா சவளை எடுத்தார்.