பிறந்த வீட்டுக் கோடி

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. வரலாறு முதுகலை முடித்துவிட்டு, எங்கள் ஆசிரியரோடு அகழாய்வுக் குழியில் இறங்கி மண் சுரண்டிக்கொண்டிருந்தேன். அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு கடலைக்காடு. உழும்போது முதுமக்கள் தாழி ஒன்றின் வாய் தட்டுப்பட, நிலத்துக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் பெண்ணாகப் பிறந்தவன். அப்போதே ஒட்ட வெட்டிய தலை, முழுக்கைச் சட்டை. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், மதுரையில் ஜவுளிக்கடை. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அம்மா ஒரு பட்டுச்சேலையைப் பீரோவில் தயாராக வைத்திருந்தாள். உயிரோடு இருக்கும்வரை அந்தச் சேலைக்குப் போக்குக் காட்டிவிடலாம். என் பயமெல்லாம் செத்த பிறகு. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, சேலை சுற்றிக் கிடத்துவார்கள். எழுந்து வேண்டாம் என்று சொல்லவா முடியும்?

தாழிக்குள் எலும்புகளோடு துருவேறிய இரும்பு வாள் ஒன்று கிடந்தது. கண்டதும் ஆசிரியர் "ஆண், போர்வீரன்" என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம். வாள் கிடைத்தால் ஆண், பாசிமணி கிடைத்தால் பெண், எலும்பைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். கூட வேலை செய்தவர்கள் சேனாபதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மாப்ள, சேனாபதிக்கும் ஒரு டீ சொல்லு" என்று ஒரே கேலி.

நிலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மண்ணுல கெடந்த உசுரு. செத்தவுகளுக்குப் புதுக் கோடித்துணி போடாமத் தூக்க விடமாட்டேன்" என்று நின்றுவிட்டார். ஜவுளிக்கடைப் பிள்ளை என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. கடையில் அண்ணனிடம் வேட்டி கேட்டேன். வேட்டி கேட்கும் எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டான். "எட்டு முழமா, நாலு முழமா?" சேனாபதி ஆயிற்றே, எட்டு முழமே வாங்கிப் போய், தூக்கும்போது போட நிலத்துக்காரரிடம் கொடுத்து வைத்தேன்.

மறுநாள் எலும்பு பார்க்க டாக்டரம்மா வந்தார். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். இடுப்பெலும்பைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி, அதன் வளைவில் கட்டைவிரலை வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"வளைவு அகலம், விரல் தாராளமா ஆடுது. இது பொம்பளை உடம்பு."

அன்றைக்கே தாழியின் அடியிலிருந்து சிவப்புச் சூதுபவள மணிகளும் வந்தன. ஆசிரியர் அசரவில்லை. "அப்படின்னா அது புருஷனோட வாளா இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆம்பளை குழியில பாசி கெடந்தா, பொண்டாட்டி பாசின்னு சொல்வீங்களா ஐயா?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டாக்டரம்மாவிடம் திரும்பினேன். "அப்ப இவங்க என்னைய மாதிரியா?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அதையும் எலும்பு சொல்லாதுப்பா. உடம்பு எப்படி இருந்துச்சுன்னுதான் சொல்லும். தன்னை என்னன்னு நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா வாளையும் மணியையும் சேர்த்து வச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நூற்றாண்டுக்கு முன்னாலோ, இதே செம்மண்ணில் நாலு பேர் நின்றிருக்கிறார்கள். இந்த உடம்பை அறிந்தவர்கள். அறிந்தும் வாளை வைத்திருக்கிறார்கள். ஐயோ, இது ஆகாதே என்று ஒருவரும் அதைப் பிடுங்கி எறியவில்லை. புருஷன் வாளாகவே இருந்தாலும் இருக்கட்டும். அதை இங்கே வைக்கத் தகும் என்று ஒரு கை நினைத்திருக்கிறதே, அந்தக் கையைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

நிலத்துக்காரருக்கு வேறு கவலை. "பொம்பளைன்னா பொறந்த வீட்டுக் கோடில்ல போடணும்? சேலைய வாங்கிரலாம். பொறந்த வீட்டுக்கு எங்க போறது?" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

செத்தவருக்குக் கேட்காமலே சேலை வரப்போகிறது.

"வேட்டியே இருக்கட்டும்ணே. பொறந்த வீட்டு ஆளா நான் போடுறேன்."

அவர் என் தலையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், குழிக்குள் வாளைப் பார்த்தார்.

"வாளே வச்சிருக்காக. வேட்டிக்கு என்ன கொறச்சல்? போடு."

விரித்துப் போட்டேன். ஆசிரியர்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். அண்ணன் துணி மடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் எங்கள் மொழி என்றாலும் கடையில் எங்களுக்குள் தமிழ்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். ம் கொட்டிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு நான் செத்தா, பொறந்த வீட்டுக் கோடி நீதான போடணும்?"

"வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது? வாயக் கழுவு."

"சேலை போட்டுறாதண்ணே."

அவன் கை நின்றது. கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு, பாதி மடித்திருந்த துணியை மறுபடி எடுத்து, தலை நிமிராமல் கேட்டான்.

"எட்டு முழமா, நாலு முழமா?"