அண்ணனூரில் மட்டும் பெய்யாத மழை

பெய்கிற மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்லும் கணினி மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அதற்காகப் பாடி, பூந்தமல்லி, அண்ணனூர் மூன்றிலும் மொட்டை மாடிகளில் மழைமானி வைத்து, ஞாயிறுதோறும் போய் அளவெடுப்பேன். மற்ற இரண்டும் நிறைந்திருக்கும். அண்ணனூரில் மட்டும் எப்போதும் காலி.

அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்து மின்ரயில் பணிமனையின் கூரைச் சூடு மேகத்தைத் தள்ளிவிடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, சமன்பாட்டில் அதற்கென ஓர் எண்ணையும் செருகினேன். முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த்தான் அந்தக் காலி மானியைப் பார்த்துவந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு பொறுக்காமல் அந்த மாடி வீட்டுக்கார அக்காவிடமே கேட்டேன். "இதுல யாராவது கை வெக்கிறாங்களாக்கா?"

"நான்தான் தெனம் காலையில கீழ ஊத்திடுவேன். தண்ணி தேங்கினா டெங்கு கொசு வரும்னு கார்ப்பரேஷன்ல இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க."

இரண்டு மாத வேலை போச்சு என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய் மாதக் காலண்டரை எடுத்துவந்தார். கட்டம் கட்டமாக அரை டம்ளர், ஒன்றரை டம்ளர் என்று எழுதியிருந்தது.

"நீ அளக்கத்தானே வெச்சிக்கீற? அளக்காம ஊத்துவேனா?"

அவர் அளந்த எவர்சில்வர் டம்ளரை ஆய்வகத்துக்கு வாங்கிப்போய், எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்தேன். கூரைச் சூட்டு எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, டம்ளர் கணக்கை ஏற்றி மாடலை ஓட்டினேன். திரையில் அக்காவின் தெருவில் தண்ணீர் ஏறிவந்து, சரியாக என் முழங்கால் உயரத்தில் நின்றது.