இரண்டு கேபிள், ஒரே முகவரி

மறுநாள் சென்னையில் எனக்கு நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு. முதல் முறை ஊற்றிக்கொண்டது. இந்த முறையும் போனால் பழையபடி ஜெராக்ஸ் கடை வேலைக்கே போய்விடுவதாக வீட்டில் வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். என் வாய் அப்படி.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி எனக்கு, பாதி என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு முருகன் கோயில் மலையடிவாரத்தில் பூக்கடை. விடிந்தால் கிருத்திகை என்பதால் கூடை கூடையாகச் சாமந்தி வந்து இறங்கியிருந்தது. அவர் மாலை கட்டினார். நான் எதிரே உட்கார்ந்து, பழைய ரௌட்டர் இரண்டை இரண்டு கேபிள்களால் இணைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கேபிளையும் கட்டாகச் சேர்த்து ஒரே பாதையாக ஓட வைக்க வேண்டும். போன தேர்வில் என்னைக் கவிழ்த்தது இதுதான்.

ஓரவஞ்சனை கூடாதென்று கேபிளுக்கு ஒன்றாக ஐபி முகவரி கொடுத்தேன். ஒன்றோடொன்று மோதுகிறது என்று ரௌட்டர் மறுத்துவிட்டது. எண்ணை மாற்றினேன். அதை ஏற்றது, ஆனால் கட்டு சேரவில்லை. மதியச் சோறு ஆறிப்போயிற்று.

"இன்னாத்துக்கு அதும்மேல எரிஞ்சு வுழற? சாப்ட்டுட்டு பாரு," என்றார்.

"நீங்க பூவக் கட்டுங்க."

நான்காவது முறை நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. தனித்தனிக் கேபிளுக்கு முகவரியே கூடாது. அதை எடுத்துவிட்டு, இரண்டையும் கட்டில் சேர்த்து, கட்டுக்கு மட்டும் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். இவ்வளவுதானா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டு ரௌட்டரிலும் அப்படியே செய்து, இணைப்பைச் சோதிக்கும் பிங்கை ஓடவிட்டேன். பதில் வருவதற்கு அடையாளமாகத் திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசைகட்டின.

அந்த நேரம் பார்த்து அவர் கூடையை இழுத்தார். அதில் சிக்கி ஒரு கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? எல்லாம் போச்சு," என்று கத்தினேன்.

"எங்க போச்சு? ஓடிக்கினுதானே கீது?"

பார்த்தேன். பதில் வராத இடத்தில் ஒரே ஒரு புள்ளி, அதன்பின் மறுபடியும் ஆச்சரியக்குறிகள். மிச்சமிருந்த கேபிள் மொத்தத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, போய்ச் சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் தேர்வில் அதே கேள்வி வந்தது. முடிந்ததும் திரையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. படிக்கட்டில் நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"பாஸாயிட்டேங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? கடையில கூட்டமா?"

"கடையச் சாத்திட்டேன்."

"கிருத்திகை அன்னிக்கா?"

"கை ஓடலம்மே. நீ போன் பண்ணுவேன்னு காலையிலேர்ந்து வூட்டுலதான் குந்திகினு கீறேன்," என்றார்.